பிங்க் கவரை நம்பலாமா? ஆன்டி ஸ்டாட்டிக் பொதிகளைச் சோதிக்கும் முறை

சர்க்யூட் போர்டு வாங்கினால் பிங்க் கவரில் வருகிறது. மதர்போர்டு என்றால் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பை. இரண்டிலும் முக்கோணத்துக்குள் ஒரு கை அச்சிட்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் 'ஆன்டி ஸ்டாட்டிக்' என்று முடிவு கட்டி, பொருளை உள்ளே போட்டு ஒட்டிவிடுகிறோம். ஆனால் பிங்க் என்பது வெறும் சாயம். சாதாரணப் பாலித்தீனில் அதைக் கலந்தாலும் அதே நிறம்தான் வரும். முக்கோண முத்திரையை எந்த அச்சகத்திலும் அடித்துத் தருவார்கள். பை வேலை செய்கிறதா என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும். அதுவும் அளந்த இடத்தின் ஈரப்பதத்தைப் பக்கத்திலேயே குறித்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வரும் சரக்கைச் சோதித்து எடுப்பவர்கள், அவர்களுக்குப் பை, ஃபோம், பபிள் ஷீட் சப்ளை செய்யும் சிறு உற்பத்தியாளர்கள், போர்டுகளைக் கூரியரில் அனுப்பும் சர்வீஸ் கடைக்காரர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது.

## முதலில் தெரிய வேண்டியவை

நிலைமின் பொறி விரலில் சுரீரென்று உறைக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். 100 வோல்ட்டிலேயே செத்துப்போகும் ஐசிகள் உண்டு. 'எனக்கு ஷாக் அடிக்கவில்லையே' என்பது ஐசிக்கு ஆறுதல் ஆகாது.

நல்ல பொதிக்கு மூன்று வேலைகள்:

1. உரசும்போது தன் மேலும் உள்ளிருக்கும் பொருள் மேலும் மின்னேற்றம் சேராமல் பார்த்துக்கொள்வது.
2. சேர்ந்துவிட்டால், அது எர்த்துக்கு நிதானமாக வடிய வழிவிடுவது.
3. வெளியிலிருந்து பாயும் பொறியை உள்ளே விடாமல் மறிப்பது.

பிங்க் கவர் முதல் இரண்டைத்தான் செய்யும். மூன்றாவது வேலைக்கு நடுவில் அலுமினியப் படலம் வைத்த ஷீல்டிங் பைதான் வேண்டும். நன்றாக வேலை செய்யும் பிங்க் கவர்கூடப் பொறியைத் தடுக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெறும் போர்டைப் பிங்க் கவரில் போட்டுக் கூரியருக்குக் கொடுப்பவர்கள் ஏராளம்.

பொருளின் மேற்பரப்பு மின்தடையை வைத்து வகை பிரிப்பார்கள். ஏ.என்.எஸ்.ஐ/இ.எஸ்.டி எஸ்541 என்ற தரநிர்ணயத்தின்படி:

- கடத்தும் வகை: 10⁴ ஓமுக்குக் கீழே, அதாவது பத்தாயிரம் ஓமுக்குள். கரி கலந்த கறுப்புப் பைகள், கறுப்பு டிரேக்கள் பல இதில் வரும்.
- வடிக்கும் வகை: 10⁴ முதல் 10¹¹ ஓமுக்குள். மேல் எல்லை பத்தாயிரம் கோடி ஓம். பிங்க் கவரும் ஷீல்டிங் பையின் உள், வெளிப் பரப்புகளும் இங்கே இருக்க வேண்டும்.
- காப்பு வகை: 10¹¹ ஓமும் அதற்கு மேலும். தெர்மோகோல், சாதாரணப் பாலித்தீன், செல்லோ டேப். ஐசிக்கு எமன்.

## ஈரப்பதம் சேராத எண்ணை ஏற்காதீர்கள்

பிங்க் பாலித்தீனில் கலந்திருக்கும் மருந்து ஏறத்தாழ சோப்பின் குணம் கொண்டது. பிளாஸ்டிக்கோடு ஒன்றாமல் மெல்லக் கசிந்து மேற்பரப்புக்கு வரும். அங்கே காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்றை உண்டாக்கும். மின்னேற்றத்தை வடிப்பது அந்தப் படலம்தான். காற்றில் ஈரம் இல்லையென்றால் படலமும் இல்லை.

சென்னையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60, 70 சதவீதம் இருக்கும். அந்தக் காற்றில் சுமாரான கவரும் பாஸ். ஏன், சாதாரண அட்டைப்பெட்டிகூட பாஸ் ஆகிவிடும். அதே கவர் ஜனவரியில் ஜெர்மனியில் ஹீட்டர் ஓடும் கிடங்குக்குப் போனால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே. அங்கே பை பிரிக்கப்படும்போதுதான் ஐசி அடிவாங்கும். குற்றம் சென்னையில் நடந்த சோதனையுடையது.

வித்தியாசம் எவ்வளவு என்றால், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 263ஆம் எண் கையேடு தரும் கணக்கைப் பாருங்கள். மேஜையிலிருந்து ஒரு சாதாரணப் பாலித்தீன் பையை எடுக்கும்போது, 65 முதல் 90 சதவீத ஈரப்பதத்தில் 1,200 வோல்ட் உண்டாகலாம். 10 முதல் 20 சதவீதத்தில் அதே செயல் 20,000 வோல்ட் வரை கொடுக்கும்.

இதனால்தான் தரநிர்ணயங்கள் பொதிப்பொருளை 23 டிகிரி செல்சியஸில், 12 சதவீத ஈரப்பதத்தில் (3 சதவீதம் கூடலாம், குறையலாம்) குறைந்தது 48 மணி நேரம் வைத்திருந்து, அதே சூழலில் அளக்கச் சொல்கின்றன. 'ஏ.சி. அறையில்தானே அளந்தோம்' என்பார்கள். ஏ.சி. அறை என்றாலும் 45, 55 சதவீதம் இருக்கும். அது ஒப்பிடுவதற்கு உதவும். தீர்ப்பு சொல்ல உதவாது.

## தேவையான கருவிகள்

- மின்தடை மீட்டர்: 10 வோல்ட், 100 வோல்ட் இரண்டும் தர வேண்டும்; 10¹² ஓம் வரையாவது படிக்க வேண்டும். கையில் இருக்கும் மல்டிமீட்டர் 40, 60 மெகா ஓமோடு நின்றுவிடும். இந்த வேலைக்கு ஆகாது.
- ரிங் புரோப்: நடுவில் வட்டத் தகடு, சுற்றி ஒரு வளையம். எடை சுமார் 2.27 கிலோ.
- இரட்டை முள் புரோப்: வளையம் உட்காராத குழிவான, மேடுபள்ளமான பொருள்களுக்கு.
- ஃபீல்டு மீட்டர்: தொடாமலே மின்னேற்றத்தைக் காட்டும் கையடக்கக் கருவி.
- அடித்தளப் பலகை: டெஃப்லான் அல்லது அக்ரிலிக். ஈரமான ஊர்களில் டெஃப்லான் மேல்.
- ஈரப்பதமானி, நைட்ரைல் கையுறை, பஞ்சு உதிராத துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், எர்த் செய்த ரிஸ்ட் ஸ்ட்ராப்.

எச்சரிக்கை: வயரிங்காரர்கள் பயன்படுத்தும் 500 அல்லது 1,000 வோல்ட் மெக்கரை இதற்கு எடுக்காதீர்கள். அளவு தப்பாக வரும், மெல்லிய பூச்சு கருகும், கைபட்டால் உங்களுக்கும் அடிக்கும். 100 வோல்ட் மீட்டரில்கூட, வோல்ட்டேஜ் ஓடும்போது புரோப்பின் உலோகத்தைத் தொடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த மேஜைக்கு வர வேண்டாம்.

## உலர் பெட்டி தயாரிப்பது

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் சேம்பர் வாங்க லட்சக்கணக்கில் ஆகும். சிறு நிறுவனத்துக்குக் காற்றுப்புகாத பெட்டியும் லித்தியம் குளோரைடு உப்பும் போதும். இந்த உப்பின் தெவிட்டிய கரைசல், மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றை 25 டிகிரியில் 11.3 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். நமக்கு வேண்டிய 12க்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1. முதலில் ஈரப்பதமானியைச் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல்போல் ஆகும்வரை சில சொட்டு நீர் விடுங்கள். மூடியையும் ஈரப்பதமானியையும் ஒரே ஜிப் கவருக்குள் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் 5 குறைவாகப் படிக்கிறது என்று கருவியின் முதுகில் எழுதி ஒட்டுங்கள். கல் உப்பு வேண்டாம். அதில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்புகள் ஈரப்பதத்தைக் கீழே இழுத்துவிடும்.
2. மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை உள்ள, உள்ளே தெரியக்கூடிய பெரிய பிளாஸ்டிக் பெட்டியை எடுங்கள். பக்கச்சுவரில் மீட்டர் வயர்கள் போக ரப்பர் கிளாண்டு, கைகள் போக இரண்டு நீளக் கையுறைகள் பொருத்துங்கள். இடுக்குகளை சிலிக்கான் பசையால் அடையுங்கள்.
3. அகலமான கண்ணாடித் தட்டில் லித்தியம் குளோரைடைக் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேருங்கள். கரைசலுக்கு மேலே கரையாத உப்பு எப்போதும் தெரிய வேண்டும். முழுக்கக் கரைந்துவிட்டால் ஈரப்பதம் ஏறிவிடும். இன்னும் உப்பு போடுங்கள்.
4. தட்டைப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டு. அதன்மேல் டெஃப்லான் பலகை, ரிங் புரோப், ஈரப்பதமானி. காற்று சுழல பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்று.
5. மூடி வைத்து, ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கி நிலைக்கும்வரை காத்திருங்கள். நேரம் பெட்டியின் அளவைப் பொறுத்தது; அவசரப்பட்டுத் திறந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எச்சரிக்கை: லித்தியம் குளோரைடு வயிற்றுக்குள் போனால் நஞ்சு, நீரில் கரையும்போது சூடாகும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். டப்பாவில் பெயரை எழுதி வையுங்கள். சாப்பாட்டு உப்பைப் போலவே வெள்ளையாக இருக்கும். ஒரு சொட்டு கரைசல் சேம்பிளில் தெறித்தாலும் அந்த சேம்பிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உப்பு மின்சாரத்தைக் கடத்தி மட்டமான பையையும் பாஸ் ஆக்கிவிடும்.

## மேற்பரப்பு மின்தடை: படிப்படியாக

இந்த ஒரு சோதனையை ஒழுங்காகச் செய்தாலே வருகிற சரக்கில் பெரும்பாலான கோளாறுகள் வெளிப்பட்டுவிடும். எஸ்.டி.எம் 11.11 என்ற முறையைத் தழுவிய வரிசை இது.

சேம்பிள் வெட்டுதல்

1. பைகள் என்றால் ஒரே கட்டிலிருந்து எடுக்காமல் வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுங்கள். ரோல் என்றால் தொடக்கம், நடு, முடிவு. முடிந்தால் அகலத்தின் இரு ஓரங்களிலும். மருந்து ரோல் முழுவதும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.
2. ஏறத்தாழ 75 மி.மீ.க்கு 125 மி.மீ. அளவில் குறைந்தது ஆறு துண்டுகள். உள்பக்கத்துக்கு ஆறு, வெளிப்பக்கத்துக்கு ஆறு.
3. மூலையில் மட்டும் பேனாவால் 'உ', 'வெ' என்று குறியுங்கள். நடுப்பகுதியில் கைபடக் கூடாது. விரல் வியர்வையே மின்தடையைக் குறைத்துக் காட்டும்.
4. பிங்க் துண்டை ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீர்கள். 'சுத்தம் செய்கிறேன்' என்று மேலே இருக்கும் மருந்தையே எடுத்துவிடுவீர்கள். நல்ல பை ஃபெயில் ஆகும்.
5. துண்டுகளை உலர் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று படாமல், இரு பக்கமும் காற்று படும்படி நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள்.

மீட்டரைச் சரிபார்த்தல்

6. புரோப்பை ஆல்கஹாலால் துடைத்து முழுக்க உலர விடுங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள். ஈரம் இருக்கும்போது மீட்டரை ஆன் செய்யாதீர்கள்.
7. துடைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டின்மேல் புரோப்பை வைத்து 10 வோல்ட் கொடுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது புரோப்பின் ரப்பர் முகம் கெட்டுவிட்டது.
8. சேம்பிள் இல்லாமல் வெறும் பலகைமேல் வைத்து 100 வோல்ட் கொடுங்கள். 10¹² ஓமுக்கு மேல் போக வேண்டும். 10¹⁰ என்று நின்றால் பலகையில் அழுக்கோ ஈரமோ இருக்கிறது. நீங்கள் அளப்பது பையை அல்ல, பலகையை.

அளத்தல்

9. துண்டைச் சுருக்கமில்லாமல் பலகைமேல் விரியுங்கள். புரோப்பை நேராகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். இழுத்து நகர்த்தினால் மேற்பரப்பு சிராய்ப்பதோடு புது மின்னேற்றமும் உண்டாகும்.
10. 10 வோல்ட் கொடுத்து 15 விநாடி பொறுங்கள். 10⁶ ஓமுக்குக் கீழே வந்தால் அதுவே அளவு, குறித்துக்கொள்ளுங்கள்.
11. 10⁶ அல்லது அதற்கு மேல் என்றால் 100 வோல்ட்டுக்கு மாற்றி, மறுபடி 15 விநாடி பொறுத்துப் படியுங்கள்.
12. வோல்ட்டேஜை நிறுத்திய பிறகே புரோப்பைத் தூக்குங்கள்.
13. எண், வோல்ட்டேஜ், ஈரப்பதம், வெப்பநிலை, எந்தப் பக்கம் ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

இதே லாட்டில் இன்னொரு செட் துண்டுகளை 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்து அளந்தால் பையின் குணமே தெரிந்துவிடும். கறுப்புக் கரிப்பை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டும். கரி, காற்றின் ஈரத்தை நம்பி இல்லை. பிங்க் கவர் 12 சதவீதத்தில் பத்து மடங்கோ அதற்கு மேலோ ஏறும். 50 சதவீதத்தில் 5×10¹⁰ காட்டிய கவர் வறண்ட பெட்டியில் எல்லையைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். 50 சதவீதத்தில் 10⁹க்குப் பக்கத்தில் இருக்கும் கவரைத் தேடி வாங்குங்கள் என்பது என் பரிந்துரை. ஏறுவதற்கு இடம் இருக்கும்.

டிப்ஸ்: ஆறு அளவுகளைக் கூட்டி ஆறால் வகுக்காதீர்கள். ஐந்து துண்டு 10⁹, ஒரு துண்டு 10¹² என்றால் அந்த லாட்டில் மருந்து சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். சராசரி அதைச் சொல்லாது. மிக அதிகமான எண்ணை எல்லையோடு ஒப்பிடுங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

இ.எஸ்.டி மேட்டின்மேல் வைத்து அளப்பது. எல்லோரும் செய்யும் தவறு இதுதான். மேஜையில் பச்சையோ நீலமோ மேட் விரித்திருக்கும். சேம்பிளை அதன்மேலேயே வைத்துவிடுவார்கள். மின்சாரம் மெல்லிய கவரைத் துளைத்து மேட் வழியே சுற்றிக்கொண்டு வளையத்தை அடையும். மேட்டின் மின்தடைதான் திரையில் தெரியும். மளிகைக் கடைக் கவரைக்கூட இந்த முறையில் பாஸ் ஆக்கலாம். சந்தேகம் இருந்தால் நீங்களே ஒன்றை வைத்துப் பாருங்கள்.

வயரையோ புரோப்பையோ கையில் பிடித்துக்கொண்டு படிப்பது. 10¹¹ ஓமோடு ஒப்பிட்டால் உங்கள் உடம்பு நல்ல கம்பி. இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொடாமல் கிடக்கட்டும், கையை எடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் அளப்பது. ஷீல்டிங் பையின் உள்பக்கம் பாலித்தீன், வெளிப்பக்கம் பூச்சு போட்ட பாலியெஸ்டர். இரண்டும் வேறு வேறு பொருள். ஒன்று கெட்டாலும் மற்றது நன்றாக இருக்கலாம். பழைய பைகளில் வெளிப்பூச்சுதான் முதலில் தேயும்.

பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அளப்பது. மழைக்காலச் சென்னைக் காற்றில், சில நிமிடங்களிலேயே மேற்பரப்பு ஈரத்தைப் பிடிக்கத் தொடங்கிவிடும். கையுறை வழியே பெட்டிக்குள்ளேயே அளக்கத்தான் அத்தனை ஏற்பாடும்.

ஓமையும் ஓம்/சதுரத்தையும் குழப்புவது. வழக்கமான ரிங் புரோப்பில் நடுத்தகடு 30.5 மி.மீ., வளையத்தின் உள்விட்டம் 57 மி.மீ. இந்த அளவுக்கு, மீட்டர் காட்டும் ஓமைப் பத்தால் பெருக்கினால்தான் ஓம்/சதுரம் வரும். 1988இல் வந்த இ.ஐ.ஏ 541 தரநிர்ணயம் எல்லைகளை ஓம்/சதுரத்தில் வைத்திருந்தது: 10⁵, 10¹². இன்றைய 10⁴, 10¹¹ ஓம் என்பது அதே எல்லைதான். ஒரு சான்றிதழ் 8×10¹¹ ஓம்/சதுரம் என்றால் பாஸ். 8×10¹¹ ஓம் என்றால் ஃபெயில். அலகைப் படிக்காமல் சண்டைக்குப் போகாதீர்கள்.

## ஃபோம், பபிள் ஷீட், டிரே

பபிள் ஷீட்டின் குமிழ்ப்பக்கத்தில் ரிங் புரோப் குமிழ்களின் உச்சியில் மட்டுமே தொடும். தப்பான அளவு வரும். இங்கே இரட்டை முள் புரோப். ஐசி டிரேயின் குழிகளுக்குள்ளும் இதுவே. ஒரே டிரேயில் விளிம்பு, குழியின் அடி, மூலை என்று இடம் மாற்றி அளங்கள். ஊற்றி வார்த்த பிளாஸ்டிக்கில் மூலைகளில் கரி சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது. மற்றபடி வோல்ட்டேஜ், காத்திருக்கும் நேரம், ஈரப்பதம் எல்லாம் மேலே சொன்னதுதான்.

பட்டன் பேட்டரி பொருத்திய போர்டைக் கடத்தும் வகைக் கறுப்புப் பையிலோ ஃபோமிலோ நேரடியாக வைக்க வேண்டாம். பேட்டரியின் மின்சாரம் பைவழியே வடிந்துவிடும்.

## தினசரிச் சோதனை: ஃபீல்டு மீட்டர்

48 மணி நேரம் காத்திருக்க முடியாத வேளைகளில், லைனில் ஓடும் பைகளைச் சட்டென்று சல்லடை போட இது உதவும்.

1. ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டுங்கள். மீட்டரின் எர்த் வயரையும் மாட்டுங்கள். எர்த் செய்த உலோகத்துக்கு நேரே பிடித்து மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.
2. முதலில் ஒரு சாதாரணப் பாலித்தீன் பையை எடுத்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உலர்ந்த நைலான் துணியால் நான்கைந்து முறை தேயுங்கள்.
3. பையை மேஜையிலிருந்து நன்றாகத் தூக்கிப் பிடித்து, 25 மி.மீ. தூரத்தில் மீட்டரை நீட்டுங்கள். ஆயிரக்கணக்கில் வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அன்றைய காற்று ஈரமாக இருக்கிறது. சோதனையை அத்தோடு நிறுத்துங்கள். இந்தக் காற்றில் எல்லாப் பையும் பாஸ்தான்.
4. காட்டினால், சோதிக்க வேண்டிய பையை அதேபோல் தேய்த்து அளங்கள். கை எர்த்தில் இருப்பதால் ஓரிரு விநாடிகளில் எண் சரிந்து பூஜ்யத்தை நெருங்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் பையைத் தனியே எடுத்து வையுங்கள்.

தவறு: மேஜைமேல் கிடக்கும் பையை அப்படியே அளப்பது. மேட்டின் பக்கத்தில் இருக்கும்வரை எண் அடங்கித் தெரியும். தூக்கினால்தான் உண்மை வரும்.

ஐசிக்கு 2.5 செ.மீ.க்குள் வரும் காப்புப் பொருளில் 125 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 2,000 வோல்ட்டுக்கு மேல் காட்டும் பொருளை 30 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்பது எஸ்20.20 தரநிர்ணயத்தின் விதி. கையில் ஃபீல்டு மீட்டர் இருக்கும்போதே மேஜையிலுள்ள டேப் டிஸ்பென்சரையும் தண்ணீர் பாட்டிலையும் அளந்துவிடுங்கள்.

## ஷீல்டிங் பையும் ஆய்வகமும்

பொறியைத் தடுக்கும் திறனை வீட்டிலோ சிறு பட்டறையிலோ அளக்க வழியில்லை. எஸ்.டி.எம் 11.31 முறையில், பைக்குள் ஒரு சென்சரை வைத்து, வெளியிலிருந்து மனித உடலைப் போல அமைத்த சர்க்யூட் மூலம் (100 பிக்கோஃபாரட், 1,500 ஓம்) 1,000 வோல்ட்டைப் பாய்ச்சி, எவ்வளவு ஆற்றல் உள்ளே புகுந்தது என்று கணக்கிடுவார்கள். நீண்ட காலமாக எல்லை 50 நானோஜூல். எஸ்541இன் பிந்தைய பதிப்பு அதை 20 ஆக இறுக்கியிருக்கிறது. என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பாருங்கள். 'அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனை இருக்கிறதா' என்று தனியாகக் கேளுங்கள். ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, இந்தச் சோதனைக்கு இருப்பது வேறு.

உங்களால் செய்ய முடிந்தது இரண்டு. ஒன்று, பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்ப்பது. மடிப்புகளில் மெல்லிய வெள்ளைக் கோடுகளும் ஊசித்துளை போன்ற ஒளிப்புள்ளிகளும் தெரிந்தால் அலுமினியப் படலம் உடைந்திருக்கிறது. இரண்டு, ஃபீல்டு மீட்டரையே பைக்குள் போட்டு வாயை மடித்து, வெளியே தேய்த்த பாலித்தீனைக் கிட்டே கொண்டுவருவது. பிங்க் பைக்குள் எண் துள்ளும். நல்ல ஷீல்டிங் பைக்குள் அசையாது. இது ஒப்பீடு மட்டுமே. சான்றிதழில் எழுதும் அளவு அல்ல.

சில சப்ளையர்கள் 'டீக்கே டெஸ்ட்' ரிப்போர்ட் நீட்டுவார்கள்: 5,000 வோல்ட் ஏற்றி, 2 விநாடிக்குள் 1 சதவீதத்துக்கு வடிகிறதா என்று பார்க்கும் சோதனை. பிங்க் கவருக்குச் சரி. ஷீல்டிங் பைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே புதைந்த அலுமினியமே மின்னேற்றத்தை மறைத்து நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடும்.

## சப்ளையர் சான்றிதழில் பார்க்க வேண்டியவை

'10⁹–10¹¹, ஓகே' என்று ஒரு வரி மட்டும் இருக்கும் சான்றிதழைத் திருப்பி அனுப்புங்கள். இவை இருக்க வேண்டும்: எந்த முறை, என்ன ஈரப்பதம், எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள், எந்தப் பக்கம், அதிகபட்ச அளவு, அலகு, லாட் எண், உற்பத்தி தேதி. கடைசி இரண்டும் உங்களுக்கு வந்திருக்கும் பெட்டியில் உள்ளவையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரே ரிப்போர்ட்டைப் பல வருடங்கள் ஜெராக்ஸ் எடுத்து ஓட்டுவதும் நடக்கிறது.

## பழைய ஸ்டாக், மறுபயன்பாடு

பிங்க் கவரின் மருந்து கசிந்து கசிந்து ஒருநாள் தீர்ந்துபோகும். தகரக் கூரை போட்ட குடோனின் சூட்டில் இது வேகமாக நடக்கும். அட்டைப்பெட்டிக்குள் நேராக அடுக்கினால், ஓரத்துக் கவர்களிலிருந்து அட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பழைய ஸ்டாக்கைச் சோதிக்கும்போது கட்டின் நடுவிலிருந்து ஒன்று, அட்டையை ஒட்டியிருப்பதிலிருந்து ஒன்று எடுங்கள். ஒரு வருடம் தாண்டிய பிங்க் சரக்கை மறுபடி அளக்காமல் லைனுக்கு விட வேண்டாம். மருந்தில் அமீன் கலந்திருந்தால் பாலிகார்பனேட் பாகங்களில் வெடிப்பு விடும். கேமரா லென்ஸ், டிஸ்ப்ளே மூடி போன்றவற்றுக்கு 'அமீன் இல்லாதது' என்று கேட்டு வாங்குங்கள்.

ஷீல்டிங் பைகளை மறுபடி பயன்படுத்துவதில் தவறில்லை. கிழிசல், ஸ்டேப்ளர் துளை, கசங்கல், ஒட்டிய டேப் ஆகியவை இல்லாத பைகளை மட்டும் ஒதுக்கி, அவற்றில் சிலவற்றின் இரு பக்கத்தையும் அளந்துவிட்டு உபயோகியுங்கள்.

ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நான்கு பைகளை எடுத்து, தேதியும் லாட் எண்ணும் எழுதிய உறையில் பத்திரப்படுத்துங்கள். எட்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் புகார் அனுப்பினால் அளந்து காட்ட அதுதான் சாட்சி. ஃபெயில் ஆன பைகளின் மூலையை அப்போதே வெட்டிவிடுங்கள். வெட்டாமல் 'ரிஜெக்ட்' என்று பேப்பர் ஒட்டி ஓரமாக வைத்த கட்டு, பை தட்டுப்பாடு வரும் ராத்திரி ஷிப்டில் யாராவது எடுக்க, லைனுக்குள் வந்துவிடும். வெட்டியவற்றை இ.எஸ்.டி பகுதிக்கு வெளியே, ஸ்குரு, பிராக்கெட் போன்ற உலோகச் சாமான்களைக் கட்டப் பயன்படுத்திக்கொள்ளலாம்.